கிருமிகளின் கைமாற்று



சொந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் வந்து குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கைமாற்றின் அருமை நன்றாகத் தெரியும். மாதக் கடைசியில் ஒரு டம்ளர் சர்க்கரை, எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால் இரண்டு கரண்டி காப்பிப் பொடி, உறை குத்துவதற்கு ஒரு கரண்டி மோர் என்று அண்டை வீட்டில் வாங்குவதும் கொடுப்பதும் நம்மவர் வாழ்க்கையில் அன்றாட வழக்கம். தில்லியின் கரோல் பாக்கிலும் மும்பையின் மாட்டுங்காவிலும் பாஷை தெரியாத காலத்தில் பல குடும்பங்களைத் தாங்கி நிறுத்தியது இந்தக் கைமாற்றுதான் என்றால் மிகையாகாது.

இதே வழக்கம் நோய்க்கிருமிகளிடமும் உண்டு என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம். நம்மை நோயில் தள்ளும் ஒரு கிருமி, மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு கிருமிக்குக் கொடுக்கிறது. நம் கைமாற்றில் கொடுத்தவர் வீட்டுச் சர்க்கரை குறையும். கிருமியின் கைமாற்றிலோ கொடுத்ததும் குறைவதில்லை, வாங்கியது திருப்பித் தரவும் வேண்டியதில்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்றது அது. இந்த உண்மையை மேல்நாடுகளில் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் நிலைநாட்டியவர் நயோமி தத்தா என்ற பெண் விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நயோமி 1922-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். பெற்றோர் வைத்த குடும்பப் பெயர் காடர்ட். தத்தா என்ற பெயர் திருமணத்தால் வந்தது. 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், உயிர்வேதியியல் அறிஞர் பிரகாஷ் தத்தாவை அவர் மணந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளியின் கட்டிலருகே நிற்பதைவிட, நோயாளியிடமிருந்து வந்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் பரிசோதிப்பதிலேயே அவருடைய மனம் ஈடுபட்டது. பொதுச் சுகாதார ஆய்வுக்கூடப் பணியில் சில ஆண்டுகள் பயிற்சி பெற்றபின், 1957-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். ஓய்வு பெறும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

அவர் செய்த காரியத்தின் பெருமையை உணர வேண்டுமானால், அந்தக் காலத்தில் அறிஞர்கள் என்ன எண்ணியிருந்தார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பெனிசிலின் 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1940-களில் மருத்துவர்களின் கைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் என்று ஆன்டிபயாடிக் மருந்துகள் வரிசையாக வந்தன. சாவின் வாயிலிருந்து மனிதர் மீண்டனர். ஆனால் மருந்து வந்த சுவடு மறையுமுன்பே, அதற்கு மசியாத கிருமிகளும் தோன்றலாயின. இது எப்படி நேர்கிறது?

கிருமிகள் பெருகும் வேகம் நம் கற்பனைக்கு அடங்காதது. வசதியான சூழலில் குடல் கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகிறது. அந்தக் கணக்கில் பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். அத்தனை கோடிப் பிரதிகள் எடுக்கப்படும்போது, ஏடு எழுதுகிறவர் கை தவறுவது போல, மரபணுவில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு இலாபம் இல்லை. பல கோடியில் ஒரு பிழை மட்டும் தற்செயலாக மருந்தின் பிடியிலிருந்து தப்பும் வழியாக அமைந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொல்ல, தப்பிய ஒன்று தன் குலத்தைப் பெருக்குகிறது.

இந்தப் பிழை, மருந்தைக் கண்டபின் கிருமி செய்துகொள்ளும் ஏற்பாடு அன்று. மருந்து வருமுன்பே நேர்ந்துவிடுவது. இதை 1952-இல் அமெரிக்காவில் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதியர் ஒரு வெல்வெட் துணியைக் கொண்டு நிரூபித்தனர். கிருமிகள் வளர்ந்திருந்த தட்டின்மேல் வெல்வெட்டை ஒற்றியெடுத்து, மருந்து கலந்த தட்டுகளில் அதை முத்திரை போலப் பதித்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில்தான் கிருமிகள் பிழைத்து வளர்ந்தன. முதல் தட்டிலேயே, மருந்தின் நிழல்கூடப் படாத நிலையில், அந்தத் திறன் பெற்ற கிருமிகள் அங்கே இருந்தன என்பது விளங்கிற்று.

ஆக, எதிர்ப்புத் திறன் என்பது எழுத்துப் பிழையால் தோன்றி, தாயிடமிருந்து சேய்க்குப் போகும் குலச்சொத்து என்று எல்லோரும் எண்ணினார்கள். அப்படியானால் மருத்துவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் பிழை பல கோடியில் ஒன்று என்றால், இரண்டு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் தப்புவது கோடியைக் கோடியால் பெருக்கினாலும் போதாத அபூர்வம். நான்கு மருந்துகளுக்குத் தப்புவது நடக்கவே நடக்காது.

நடக்காது என்று எண்ணியது ஜப்பானில் நடந்தது. போருக்குப் பின்னர் அந்நாட்டில் சீதபேதி பெரும் தொல்லையாக இருந்தது. 1955-இல், ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு நோயாளியிடம் கிடைத்த சீதபேதிக் கிருமி, சல்பா மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒருங்கே அடங்காமல் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய கிருமிகள் பெருகின. ஒரே நோயாளியின் குடலில் நோய்க்கிருமி மட்டுமன்றி, சாதாரணமாகக் குடியிருக்கும் சாதுவான ஈ-கோலைக் கிருமியும் அதே நான்கு மருந்துகளுக்கு அடங்க மறுத்தது. இருவேறு குலத்தவரிடம் ஒரே சொத்து இருந்தால் அது பரம்பரையாக வந்தது ஆகுமா? கைமாறி வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? 1959-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஒச்சியாயும் அகிபாவும் தனித்தனியே இதைச் சோதித்து, எதிர்ப்புத் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைக் கண்டனர். அவர்கள் ஜப்பானிய மொழியில் எழுதியதால், மேல்நாட்டார் பலருடைய கவனத்துக்கு அது வரக் காலம் பிடித்தது.

அதே 1959-இல்தான் நயோமி தத்தாவின் மருத்துவமனையில் ஒரு தொல்லை எழுந்தது. சால்மொனெல்லா டைஃபிமூரியம் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு அங்கே பரவிப் பல மாதங்கள் நீடித்தது. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த கிருமி மாதிரிகளை அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். 309 மாதிரிகளில் 25 மட்டுமே மருந்துகளுக்கு அடங்காதவை. நோய் பரவத் தொடங்கியபோது கிடைத்தவை மருந்துக்கு அடங்கின. அடங்காதவை பிற்பாடு வந்தவை. அவற்றிலும் சில ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒருங்கே எதிர்த்தன. ஆனால் எல்லாம் ஒரே வகைக் கிருமியே. வழியில் எங்கோ அது எதையோ பெற்றுக்கொண்டிருக்கிறது!

எப்படிப் பெற்றது என்பதைக் கண்டறியும் சோதனை கேட்பதற்கு எளியது. மருந்துக்கு அடங்காத கிருமியையும் அடங்கும் வேறு வகைக் குடல் கிருமியையும் ஒரே குழம்பில் கலந்து வளரவிட வேண்டும். பிறகு அந்தக் கலவையை ஒரு தட்டில் இட வேண்டும். கொடுத்த கிருமி அந்தத் தட்டில் வளர இயலாதபடி ஒரு தடையும், வாங்கியிருக்கக்கூடிய கிருமியைச் சோதிக்கும் மருந்தும் அதில் இருக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி முளைத்தால், கைமாற்று நடந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. புள்ளிகள் முளைத்தன. தம் முடிவுகளை 1962-இல் அவர் வெளியிட்டார். தொற்றுநோய் பரவுவது போலவே, மருந்தை எதிர்க்கும் திறனும் ஒரு தொற்றாகப் பரவும் என்பது ஜப்பானுக்கு வெளியிலும் உறுதியாயிற்று.

கைமாறுவது எது? கிருமியின் உடலில் அதன் முதன்மையான மரபுப் பொருளைத் தவிர, சிறு வளையமாக அமைந்த டி.என்.ஏ. துண்டு ஒன்று தனியே இருப்பதுண்டு. அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். இரண்டு கிருமிகள் நெருங்கி ஒன்றையொன்று பற்றும்போது அந்த வளையத்தின் பிரதி ஒன்று அடுத்ததற்குச் செல்கிறது. அதை ஒரு பார வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புத் திறன் தரும் மரபணுக்கள் அதில் ஏற்றிய சரக்கு. நான்கு மூட்டைகள் ஒரே வண்டியில் இருந்தால், நான்கும் ஒரே பயணத்தில் போய்ச் சேரும். ஜப்பானில் நடந்த நடக்காத காரியத்துக்கு விளக்கம் இதுதான்.

இந்த வண்டிகளைப் பின்தொடர்ந்து செல்வதே நயோமி தத்தாவின் வாழ்நாள் தொண்டாயிற்று. 1965-இல் கிரேக்க நாட்டு அறிஞர் பாலிக்ஸேனி கொன்டோமிக்காலுவுடன் சேர்ந்து அவர் மற்றோர் உண்மையை வெளியிட்டார். ஏதென்ஸ் நகரத்து நோயாளி ஒருவரிடம் கிடைத்த கிருமியில், பெனிசிலின் இனத்து மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருந்தது. அதை உண்டாக்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில்தான் சவாரி செய்தது. அப்போது ஆம்பிசிலின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டி.இ.எம். என்று பெயர் பெற்ற அந்த நொதி பின்னர் உலகெங்கும் பரவியது. இன்று அதன் மாற்றுருவங்கள் இருநூறுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, பெனிசிலினுக்குப் பின் வந்த புதிய மருந்துகளையும் சிதைக்க வல்லவை.

பிளாஸ்மிட்டுகள் பெருகப் பெருக, எது எந்த இனம் என்று அடையாளம் காண்பது கடினமாயிற்று. ஓர் உறையில் இரண்டு வாள் தங்காது என்பார்களே, அதுபோல ஒரே இனத்துப் பிளாஸ்மிட்டுகள் இரண்டு ஒரே கிருமிக்குள் நெடுங்காலம் சேர்ந்து இருக்க மாட்டா; ஒன்று வெளியேறிவிடும். வேறு வேறு இனமானால் சேர்ந்து வாழும். இந்தக் குணத்தையே அளவுகோலாகக் கொண்டு, 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹெட்ஜஸ் என்பவருடன் சேர்ந்து அவர் பிளாஸ்மிட்டுகளைக் குலம் குலமாகப் பிரித்தார். ஒரு நாட்டில் கண்ட வண்டியும் இன்னொரு நாட்டில் கண்ட வண்டியும் ஒரே பட்டறையில் செய்தவையா என்று கேட்க அப்போதுதான் வழி பிறந்தது. அவருடைய துறையிலேயே 1974-இல் ஹெட்ஜஸும் ஆலன் ஜேக்கபும், ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குத் தானே தாவி ஏறும் மரபணுத் துண்டைக் கண்டு அதற்கு டிரான்ஸ்போசான் என்று பெயரிட்டனர். சரக்கு மாறும் விதமும் இவ்வாறு தெளிவாயிற்று.

இனி, இந்த வாழ்க்கையின் மிக அழகான பகுதிக்கு வருகிறேன்.

மருந்துகள் பெருகிய பிறகு எதிர்ப்புத் திறன் பெருகியது என்பது கண்கூடு. ஆனால் மருந்துகள் வருமுன் நிலைமை என்ன? அந்த வண்டிகள் முன்பே ஓடிக்கொண்டிருந்தனவா? அல்லது மருந்தினால் புதிதாகப் பிறந்தனவா? சென்றுபோன காலத்துக் கிருமியை எங்கே போய்த் தேடுவது?

தேடக் கிடைத்தது. கேம்பிரிட்ஜிலும் பிறகு கனடாவின் மான்ட்ரியலிலும் பணியாற்றிய பேராசிரியர் மரே என்பவர், 1917 முதல் 1954 வரை குடல் கிருமிகளைச் சேகரித்துக் குழாய்களில் மூடிப் பாதுகாத்து வைத்திருந்தார். ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ரஷ்யா, வட அமெரிக்கா முதலிய இடங்களோடு நம் இந்தியாவிலிருந்தும் வந்த கிருமிகள் அதில் இருந்தன. பெனிசிலின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் உறங்கத் தொடங்கியவையும் அவற்றுள் உண்டு. விக்டோரியா ஹியூஸ் என்பவருடன் சேர்ந்து நயோமி தத்தா அவற்றை எழுப்பி விசாரித்தார். விடை 1983-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 24 கிருமிகளில், டி.என்.ஏ.வைப் பிறிதொரு கிருமிக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இருந்தது. குறைந்தது நூற்றுக்கு 19-இலிருந்து, எதிர்ப்புச் சரக்கு எதுவும் ஏற்றாத பிளாஸ்மிட்டுகள் மற்றொரு கிருமிக்குச் சென்றன. அவற்றில் பெரும்பாலானவை, இன்று மருத்துவமனைகளில் காணும் அதே குலங்களைச் சேர்ந்தவை.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வண்டி முன்பே இருந்தது. பாதையும் முன்பே இருந்தது. வண்டியில் இந்தச் சரக்கு மட்டும் இல்லை. சரக்கும் உலகுக்குப் புதியதன்று. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-இல் அறிஞர்கள் காட்டினார்கள். மண்ணில் எங்கோ கிடந்த சரக்கு, நம் குடலில் ஓடிய வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போகலாயிற்று. ஏறிய வண்டியே பிழைக்கும், ஏறாதது அழியும் என்ற நிலைமையை உண்டாக்கியது நாம் அளவின்றி வாரி வழங்கிய மருந்து. குற்றவாளி யார் என்று தேடிப் போனவர், கடைசியில் நம் கையிலேயே ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

நயோமி தத்தா 1984-இல் நுண்ணுயிர் மரபியல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1985-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2008-இல் காலமானார்.

எங்கோ லண்டனில் நடந்த ஆராய்ச்சிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1972-ஆம் ஆண்டு நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில், டைபாய்டுக் காய்ச்சலுக்குக் கண்கண்ட மருந்தாக இருந்த குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டுக் கிருமிகள் தோன்றின. அந்த எதிர்ப்பு கைமாறக் கூடியது என்பதை அங்கிருந்த மருத்துவ அறிஞர்களே அவ்வாண்டில் உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டில் மெக்ஸிகோவிலும் அத்தகைய டைபாய்டு பெருவாரியாகப் பரவியது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. ஒரு தனிச் சங்கடமும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், டாக்டரிடம் போய் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ விளக்கிச் சொல்லத் தயக்கம். மருந்துக் கடையில் பழைய மாத்திரை அட்டையைக் காட்டினால் பேச்சே வேண்டியதில்லை. இரண்டு நாள் கொடுத்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிறது. மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்து, அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்போடு எடுத்துக் கொடுக்கிறோம். அந்தக் காய்ச்சல் ஒரு வைரஸால் வந்த சாதாரண ஜலதோஷமாக இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. குடலில் வாழும் கோடிக்கணக்கான சாதுக் கிருமிகளுக்கு மட்டும் அது ஒரு பரீட்சை வைக்கிறது. அதில் தேறியவை, தாம் கற்றதைப் பின்னால் வரும் கொடிய கிருமிக்குக் கைமாற்றாகக் கொடுக்கக் காத்திருக்கின்றன.

நாம் ஊருக்குப் போகும் இரயிலில் அவையும் நம்மோடு பயணம் செய்கின்றன. அவற்றுக்கு மாநில எல்லை இல்லை, பாஷைத் தயக்கமும் இல்லை. ஆகவே செய்ய வேண்டியது சிறிய காரியந்தான். தெரிந்த மொழியில் பேசும் டாக்டர் இல்லையென்றால், மொழி தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வேண்டும் என்றால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள். மிச்ச மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதும், சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும் மருந்தே தேவைப்படாதபடி செய்யும் நல்ல காவல்கள்.

சர்க்கரையும் காப்பிப் பொடியும் உறைமோரும் கைமாற்றாகக் கொடுப்போம். அதில் வளர்வது நட்பு. மாத்திரையைக் கைமாற்றாகக் கொடுக்க வேண்டாம். அதில் வளர்வது எது என்பதை ஒரு பெண்மணி தம் வாழ்நாளைச் செலவிட்டு நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.